ரோஜர் வில்லியம்ஸ்

தம் மதத்திற்காகத் துன்புற்றோர் உலகிற் பலர்; தம் கொள்கைக்கு மாறானவரின் மனச்சாட்சிக்காகவும் வாதாடித் துன்புற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ரோஜர் வில்லியம்ஸ்.

இவர் 1603ஆம் ஆண்டையொட்டி லண்டன் மாநகரிற் பிறந்தார். புகழ்பெற்ற நீதிபதி சர் எட்வர்டு கோக்கின் ஆதரவாற் கல்வி பயின்று, 1627இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபைக்கு இணங்கமாட்டாராய், 1631இல் மனைவி மேரியுடன் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை அடைந்தார்.

ஆங்கிருந்த பியூரிட்டன்மார், தாய்நாட்டில் மதக் கொடுமை பொறாது கடல் கடந்தவரே. எனினும் தமக்கு இணங்காதாரை அவர்களும் தண்டித்தனர். அரசாட்சியின் வாள் ஆன்மாவை ஆளுதற்கன்று என வில்லியம்ஸ் போதித்தார். பழங்குடிகளிடம் விலைகொள்ளாத நிலத்தை அரசர் பட்டயத்தாற் கைக்கொள்ளுதல் அநீதியென்றும் கண்டித்தார். வெகுண்ட ஆட்சியாளர் 1635 அக்டோபரில் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தனர்.

தம்மைப் பிடித்துக் கப்பலேற்ற ஆட்கள் வருவதறிந்து, 1636 ஜனவரியில் கடும்பனியினூடே காட்டுவழியிற் புறப்பட்டார். கிறிஸ்தவர் துரத்திய அவருக்குப் பழங்குடிகள் புகலிடமளித்தனர். பின்னர் நாரகான்செட் தலைவர்களான கனானிக்கஸ், மையன்டோனோமி என்பாரிடம் நிலம் பெற்று ஓர் ஊரமைத்து, தெய்வ பராமரிப்பை நினைந்து பிராவிடன்ஸ் எனப் பெயரிட்டார். லௌகிக காரியங்களில் மாத்திரமே பெரும்பான்மையோர் தீர்மானத்திற்குக் கீழ்ப்படிவதென அவ்வூரார் உடன்பட்டனர். 1643இல் நாரகான்செட் மொழியைப்பற்றிய நூலையும், 1644இல் மதக் கொடுமையைக் கண்டிக்கும் நூலையும் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பார்லிமெண்டிடம் பட்டயமும் பெற்றார். அக்குடியேற்றமே ரோட் ஐலண்டு.

அவர் கொள்கைக்கு உரைகல்லாயினர் குவேக்கர்கள். அவர்தம் போதனையை அவர் அறவே வெறுத்தார். 1672இல், முதுமையிலும், அவர்களோடு பலநாள் வாதிட்டார். ஆயினும் சொல்லையன்றிச் சட்டத்தைக் கருவியாக்கினாரில்லை. 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் குவேக்கர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்; ரோட் ஐலண்டிலோ அவர்கள் அச்சமின்றி வாழ்ந்தனர். யூதரும் அங்குத் தஞ்சம் புகுந்தனர். 1663இல் ஜான் கிளார்க் பெற்றுத் தந்த அரச பட்டயம் அவ்வுரிமையை உறுதிசெய்தது.

அவர் வாழ்வில் ஒரு மறுவும் உண்டு. 1676இல் போரின்போது நாரகான்செட்டார் பிராவிடன்ஸைத் தீக்கிரையாக்கினர். பின்னர்ச் சிறைப்பட்ட பழங்குடிகளை அடிமைவேலைக்கு விற்ற குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். 1683இல் காலமானார். அவரைத் துரத்திய தீர்ப்பை மாசசூசெட்ஸ் 1936இல் நீக்கிற்று.

மாணவ நண்பர்களே, நம்மோடு ஒத்தாரைப் பொறுத்தல் பொறுமையன்று. நாம் முற்றும் மறுக்கும் ஒருவனுக்கு நம் ஊரில் இடமளிப்போமா என்பதே இப்பெரியார் வாழ்வு நம்மை வினவும் வினா.