பத்து கோல் வாங்கிய பயிற்சியாளர்

இங்கிலாந்து நாட்டில் கால்பந்து என்றால் உயிர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப் உண்டு. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு மானேஜர் உண்டு. யாரை ஆடவிடுவது, எப்படி ஆடச் சொல்வது என்று முடிவு செய்பவர் அவர்தான். நம் ஊரில் அவரைப் பயிற்சியாளர் என்போம்.

அணி ஜெயித்தால் அவருக்கு மாலை. வரிசையாக நாலு ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும். பந்தயங்கள் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை மாற்றிவிடுவார்கள்!

1974-ம் ஆண்டு லீட்ஸ் கிளப்புக்கு வந்த பிரையன் கிளஃப் 44 நாட்களில் வெளியே அனுப்பப்பட்டார். லெஸ்டர் என்ற கிளப்புக்கு 2016-ம் ஆண்டு முதன்முதலாக லீக் பட்டம் வாங்கித் தந்தவர் ரனியேரி. பட்டம் வாங்கி ஒன்பது மாதம் கழிந்தது. அணி தோற்கத் தொடங்கியது. அவருக்கும் வேலை போயிற்று.

நம் இந்தியாவிலும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவருடைய அணி ஒரே ஆட்டத்தில் பத்து கோல் வாங்கியது! அதற்குப் பிறகும் அவரை நாடு நம்பியது. பத்து ஆண்டு கழித்து அவர் தங்கப்பதக்கம் கொண்டுவந்தார்.

அவர் பெயர் சையது அப்துல் ரகீம்.

பள்ளிக்கூட ஆசிரியர்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியும் கற்றார். கால்பந்தில் அவருக்குத் தீராத ஆசை.

1943-ம் ஆண்டு ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். நகரப் போலீஸ் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவர் சொல்லிக்கொடுத்த முறையே தனி. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒருவரே ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இதற்காகவே சிறுவர்களுக்குத் தனிப் பந்தயங்கள் நடத்தினார். வலது காலைப் போலவே இடது காலும் பழக வேண்டும் என்பார். வகுப்பில் பாடம் நடத்துவதுபோலவே மைதானத்திலும் பொறுமையாகப் பாடம் நடத்தினார்.

1950-ம் ஆண்டு இந்திய அணி அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒரு கோலில் தோற்கடித்து இந்தியா தங்கம் வென்றது. நாடே கொண்டாடியது.

தலை குனிந்த நாள்

கொண்டாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை.

1952-ம் ஆண்டு ஜூலை மாதம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி. இந்தியா யுகோஸ்லாவியாவோடு மோதியது. அது குளிர் பிரதேசம். நம் வீரர்களில் பலர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள் அவர்கள்.

ஆட்டம் முடிந்தபோது யுகோஸ்லாவியா 10, இந்தியா 1!

இங்கிலாந்தாக இருந்தால் அன்று மாலையே பயிற்சியாளரின் கதை முடிந்திருக்கும்.

ரகீம் ஓடி ஒளியவில்லை. வெளிநாட்டார் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்தார். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணி புது முறையில் ஆடியது. முன்வரிசையின் நடு ஆட்டக்காரர் பின்னால் இறங்கி வருவார். எதிரி குழம்புவார். அந்த வித்தையை ரகீம் நம் வீரர்களுக்கும் பழக்கினார். வெறுங்கால் ஆட்டத்துக்கும் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பூட்ஸ் அணிவது கட்டாயம் ஆயிற்று.

தெரியாததை வெளியே போய்க் கற்றுவருவது சிவகாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1922-ம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வந்த மறுநாளே பணம் கொட்டிவிடவில்லை. பொறுத்திருந்தார்கள். தொழில் வளர்ந்தது. கால்பந்தில் ரகீமின் கதையும் அப்படித்தான்.

மெல்போர்னில் அதிசயம்

1956-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக். இந்திய அணியை அழைத்துச் சென்றவர் அதே ரகீம்!

சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா ஒருவரே மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரை இறுதியில் எதிரே நின்றது யார்? அதே யுகோஸ்லாவியா! முதல் கோலைப் போட்டது இந்தியா. முடிவில் 4-1 என்று தோற்றாலும், நான்கு ஆண்டுக்கு முன் பத்து கோல் வாங்கிய அணியா இது என்று கேட்கும்படி ஆடினார்கள். கடைசியில் நாலாவது இடம் கிடைத்தது.

ஜகார்த்தாவில் சோதனை

1962-ம் ஆண்டு ஆசியப் போட்டி இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. ரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்த உடம்போடுதான் அணியை நடத்தினார்.

நம்மவர் பெயர்கள் சில அந்த அணியில் ஒலித்தன. கோல் காத்த தங்கராஜ், தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத்தில் பிறந்த பலராம், எத்திராஜ், அருமைநாயகம்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. ரகீம் கலங்கவில்லை. அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் இந்தியா வென்றது. பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. பந்தைத் தலையால் தடுத்து ஆடும் இடத்தில் அவரை எப்படி நிறுத்துவது? ரகீம் ஒரு தந்திரம் செய்தார். அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! அரை இறுதியில் அவர் கோல் போட்டார். தென் வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ந்தேதி. மறுபடியும் தென் கொரியா!

ஊரே இந்தியாவுக்கு எதிராக நின்றது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்திருந்தார். அதனால் மக்களுக்குக் கோபம். மைதானம் நிறைந்த கூட்டம் நம் வீரர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு ரகீம் தம் பிள்ளைகளிடம் ஒரே ஒரு பரிசு கேட்டாராம். அது தங்கப்பதக்கம். வீரர்கள் பின்னாளில் இதை நினைத்து நெகிழ்ந்தார்கள்.

17-வது நிமிடம். பி. கே. பானர்ஜி கோல் போட்டார். மூன்று நிமிடம் சென்றது. தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் போட்டார்! கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. 2-1 என்று இந்தியா வென்றது. கேப்டன் சுனி கோஸ்வாமியின் அணி தங்கம் வாங்கியது.

கேட்ட பரிசைப் பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள்.

கடைசி விசில்

ஒன்பது மாதம் கழிந்தது. 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி ரகீம் கண் மூடினார். அப்போது வயது 53. அவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. நோய்தான் பிரித்தது.

அவருக்குப் பிறகு எத்தனையோ பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா மறுபடி தங்கம் வாங்கவே இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கும் போகவில்லை.

2024-ம் ஆண்டு மைதான் என்ற இந்திப் படம் ரகீமின் வாழ்க்கையைச் சொல்லி வெளிவந்தது. அவரைக் கேள்விப்படாத இளைஞர்கள் பலர் அதைப் பார்த்து வியந்தார்கள்.

பத்து கோல் வாங்கிய அன்று ரகீமை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அந்தத் தங்கம் வந்திருக்குமா? ஒரு முறை சறுக்கிய பிள்ளையையும், ஒரு முறை தவறிய தொழிலாளியையும் உடனே ஒதுக்கிவிட நினைப்பவர்கள் அந்த ஆசிரியரை நினைத்துப் பார்க்க வேண்டும். தோல்விக்கும் தங்கத்துக்கும் நடுவே பத்து ஆண்டு பொறுமை இருந்தது!