கடதாசி அறைக்குள் ஒரு மேதை

நிலைமின்னியலில், கடத்தியொன்றின் உள்ளே மின்புலம் பூச்சியம். உயர்தரப் பௌதிகவியலில் நாம் ஒரே வரியில் மனனம் செய்துவிட்டுக் கடந்துபோகும் உண்மை இது. நானும் அப்படித்தான் கடந்துபோனேன். அதைச் சோதித்துப் பார்க்கத் தாமே ஓர் அறைக்குள் நுழைந்த மைக்கேல் பரடேயின் வாழ்க்கையை வாசித்த பின்னர்தான் அவ்வரியின் பெறுமதி எனக்கு விளங்கியது.

பரடே 1791 செப்டெம்பர் 22 ஆம் திகதி இலண்டனுக்கு அருகில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத, வாசிக்க, சிறிது கணக்குப் பார்க்கக் கற்றதோடு பள்ளிப்படிப்பு நின்றுபோனது. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருடங்கள் கடதாசியோடும் பசையோடும் நூலோடும் கழிந்தன. கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் வாசிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி இரசாயனவியலை உரையாடலாக விளக்கிய நூல். புகழ் பெற்ற பின்னரும் பரடே அவரை மறக்கவில்லை. தமது ஆய்வுக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பிவைத்தார். பெண்கள் கல்லூரியில் கற்கும் நமக்கு இது பெருமையல்லவா?

1812 இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு வருடம் றோயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளரானார். 1831 இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால்தான் இன்றும் மின்பிறப்பாக்கிகள் இயங்குகின்றன.

என் மனதில் நின்றது 1836 ஆம் ஆண்டுப் பரிசோதனையே. ஒவ்வொரு பக்கமும் 12 அடி கொண்ட மரச்சட்ட அறையொன்றை அமைத்தார். செப்புக் கம்பிகளை வலைபோல் பின்னி, மேலே கடதாசி ஒட்டி, வெள்ளீயத் தாள் பட்டிகளையும் இணைத்தார். பெரிய மின்பொறியால் அவ்வறைக்கு ஏற்றம் கொடுக்கப்பட்டது. வெளிச்சுவரிலிருந்து தீப்பொறிகள் பறந்தன. பரடேயோ எரியும் மெழுகுதிரிகளோடும் மின்காட்டிகளோடும் உள்ளே இருந்தார். எந்தக் கருவியும் அசையவில்லை. ஏற்றம் முழுவதும் வெளிப்புறத்திலேயே தங்கிவிட்டது.

இன்று கையடக்கத் தொலைபேசி முதல் வைத்தியசாலைக் கருவிகள் வரை ஒன்றின் மின்காந்த அலை மற்றொன்றைக் குழப்பக்கூடும். உலோகப் பெட்டி அதைத் தடுக்கும், ஆனால் பாரமானது. ஆகவே காபன் நார்களையும் உலோகம் பூசிய துணிகளையும் பிசினில் பதித்து இலேசான கவசங்கள் செய்கிறார்கள். கடத்தும் நார்களிலுள்ள சுயாதீன இலத்திரன்கள் அலையின் ஒரு பகுதியைத் தெறிக்கச் செய்கின்றன. மற்றொரு பகுதி உள்ளேயே உறிஞ்சப்படுகிறது. நார்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். இடைவெளிகள் அலைநீளத்தை விட மிகச் சிறியனவாக இருக்க வேண்டும். உருவம் தர ஒரு பொருள், கடத்த இன்னொரு பொருள்: பரடேயின் கடதாசியும் செப்புக் கம்பியும் செய்த அதே வேலைப் பங்கீடுதான்!

றோயல் சொசைட்டியின் தலைமைப் பதவியைக்கூட ஏற்க மறுத்த அந்த எளிய மனிதர் 1867 ஓகஸ்ட் 25 இல் காலமானார்.

அவருக்கு உயர்கணிதம் தெரியாது. அவருடைய கருத்துகளைப் பின்னர் சமன்பாடுகளாக்கியவர் மக்ஸ்வெல். இணைந்த கணிதத்தில் குறைந்த புள்ளி பெற்று, துறையை மாற்றுவோமா என்று கலங்கியவள் நான். கணிதம் வேண்டாமென்று பரடே எனக்குச் சொல்லித்தரவில்லை. தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்ததைக் கைவிடாதே என்றுதான் அவர் வாழ்க்கை கற்பித்தது. துறையை நான் மாற்றவில்லை. விட்ட கணக்குகளை மீண்டும் செய்கிறேன். இன்ஷா அல்லாஹ், அவையும் ஒருநாள் வசப்படும்.