குழந்தைகளுக்காக வாதாடிய அம்மையார்

உப்புச் சத்தியாக்கிரகத்தை எண்ணும்போது தூத்துக்குடி வாசிகளாகிய நமக்குத் தனியானதொரு பற்று எழுவது இயல்பே. உப்பளங்களுக்கு நடுவே வாழ்வோர் அன்றோ நாம்! 1930-இல் காந்தியடிகளை அரசாங்கம் சிறையிலிட்ட செய்தி கேட்டதும், சென்னைச் சட்டசபையில் தமக்கிருந்த ஸ்தானத்தை ராஜினாமாச் செய்து வெளியேறினார் ஒரு பெண்மணி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே அவர். அந்த ராஜினாமாவைத் தேசத் தொண்டர்கள் அறிவர். அதற்கு முன் அச்சபையில் அவர் குழந்தைகளுக்காக வாதாடியதை அறிந்தோர் சிலரே.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி குலத்தவர். இக்கலப்பினால் அக்குடும்பம் பட்ட இழிசொற்களை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. ஆண்களுக்கே உரியதாயிருந்த கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது; புதுக்கோட்டை மன்னர் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி தந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. கணவரும் அதன்படியே நடந்தார்.

பிரசவ விடுதிகளில் அவர் கண்டது யாது? தாமே குழந்தைகளாயிருந்த சிறுமிகள் தாயாகி, மெலிந்த சிசுக்களைப் பெற்றனர். அச்சிசுக்கள் நோயுற்றால் பெரியவர்களுக்கான விடுதியின் மூலையில் இடம். குழந்தை என்பது உருவத்திற் சிறிய மனிதன் அன்று. மருந்தின் அளவு அதன் எடைக்கேற்ப மாறும். அதன் நரம்பில் ஊசி ஏற்றத் தேர்ந்த கை வேண்டும். வயிற்றுப்போக்கில் பெரியவர் இரண்டு நாள் தாங்கும் நீரிழப்பைப் பச்சிளங்குழந்தை சில மணி நேரங்கூடத் தாங்காது. சொல்லி அழவும் அதற்கு வாயில்லை. 1925-இல் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி ஆராய்ந்து திரும்பிய அம்மையாருக்கு இவற்றை எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் ஏகமனதாக உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் ஆற்றிய போர் யாவரும் அறிந்தது. குழந்தை மணத்தை எதிர்த்ததும் அவ்வாறே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையாக வைத்தியப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றும் அதே சபையில் அவர் வற்புறுத்தினார். அதன் பயனாக மகப்பேறு வைத்தியசாலையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. கேட்டது வைத்தியசாலை, கிடைத்தது ஒரு பிரிவு. வழக்கறிஞர் தொழிலில் பழகிய நாம் ஒன்று சொல்வோம்: சபையில் நிறைவேறும் தீர்மானம் சட்டமாகாது, அது அரசாங்கத்தைக் கட்டாது, அதைப் பற்றிக்கொண்டு இடைவிடாது நச்சரிப்பவர் இருந்தாலன்றி ஏட்டிலேயே உறங்கும். அம்மையார் நச்சரிக்கத் தெரிந்தவர்.

பதவியைத் துறந்தபின் திக்கற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் கண்டார். இளவயதில் புற்றுநோய்க்குப் பலியான தங்கையின் நினைவு அகலாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கச் செய்தார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-இல் காலமானார். எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே தனி வைத்தியசாலை ஓங்கி நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பரிசோதனையும் 2013 முதல் தேசம் தழுவிய திட்டமாக நடைபெறுகிறது.

எழும்பூர் எங்கே, நம் கடற்கரை எங்கே? முத்துக்குளிப்பு 1961-உடன் ஓய்ந்தது. கடலை நம்பிய குடும்பங்கள் ஓயவில்லை. நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன், கடும் நோயுற்ற குழந்தையுடன் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிய தாய்மார் எத்தனை பேர்! இன்று அக்கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இயங்குவது பெரும் ஆறுதல். ஆயினும் உப்பளத்திலும் மீனவர் குப்பத்திலும் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் தாய், ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி, காய்ச்சல் முற்றும் வரை பொறுத்துப் பார்க்கிறாள். நம் தொண்டர்கள் அடுத்த முறை அக்குப்பங்களுக்கு வாக்குக் கேட்கச் செல்லுகையில், அங்கே வைத்தியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று விசாரித்து நமக்கு எழுதுவார்களாக. அவ்விவரங்களை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.