சிவப்பு மஃப்ளர்

போன வருஷம் ஆண்டு விழாவுக்கு நான்தான் போஸ்டர் வரைந்தேன். ஸ்கெட்ச் பேனா பாக்கெட்டில் இருந்த 12 கலரையும் அடித்தேன். பத்தடி தள்ளி நின்றால் ஒண்ணுமே தெரியல! அப்போது டிராயிங் சார் காட்டிய புத்தகத்தில்தான் துலூஸ் லோத்ரெக்கைப் பார்த்தேன்.

1864-இல் பிரான்சின் ஆல்பி ஊரில் பிரபு வீட்டில் பிறந்தவர். 13 வயதில் ஒரு தொடை எலும்பு முறிந்தது, அடுத்த வருஷம் இன்னொன்று. அப்புறம் கால் வளரவே இல்லை. குதிரை ஏற முடியாத பையன் குதிரைகளை வரைந்து தள்ளினான். பிறகு பாரிஸ் போய் ஓவியம் படித்தார்.

அந்தக் காலத்தில் போஸ்டரைக் கல்லில் வரைந்து அச்சடிப்பார்கள். ஒரு கலருக்கு ஒரு கல். 1891-இல் மூலான் ரூஜ் நடன அரங்குக்கு அவர் செய்த முதல் போஸ்டரில் நாலே கலர். பின்னால் கூட்டம் முழுக்கக் கறுப்பு நிழல். ஆடும் பெண்ணின் பாவாடை மட்டும் பளிச்சென்று வெள்ளை. ஜப்பான் அச்சுப் படங்களைப் பார்த்துக் கற்ற வித்தை அது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மை தெளித்தும் புள்ளி போடுவாராம்!

எனக்குப் பிடித்தது 1892-இல் பாடகர் புருவானுக்குச் செய்தது. அகலமான தொப்பி, கருநிற அங்கி, கழுத்தில் சிவப்பு மஃப்ளர். அவ்வளவுதான். தெருக்கோடியிலிருந்தே ஆள் யாரென்று தெரிந்திருக்கும்.

குடிப்பழக்கம் உடம்பைக் கெடுத்தது. 1901-இல், 36 வயதில் இறந்துவிட்டார்.

இந்த வருஷப் போஸ்டருக்குக் கறுப்பும் சிவப்பும் மட்டும் எடுத்திருக்கிறேன். தண்ணித் தொட்டி பக்கத்திலிருந்து தெரியுதான்னு பார்த்துச் சொல்லுங்க.