தஞ்சை அரண்மனையின் கவிஞர் முத்துப்பழனி

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறுவதைக் கண்டு வளர்ந்த எம்மவர்க்கு நாகூர் தர்கா அந்நியமானதன்று. அங்குள்ள மினாராக்களுள் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் ஆவார். அம்மன்னரின் காமக்கிழத்தியாக வாழ்ந்த முத்துப்பழனியை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே.

அதே காலத்தில் பிரான்சில் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகியாக விளங்கியவர் மதாம் பொம்பதூர். 1745 தொடக்கம் 1764 இல் மரணிக்கும் வரை அமைச்சர்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானிப்பதில் அவருக்குப் பெரும் பங்கிருந்தது. ஐரோப்பியர் அவரைப் பற்றி எழுதிக் குவித்துள்ளனர். எமது பக்கத்து அரசவைகளிலோ நிலைமை வேறு. 1739 இல் கண்டி மன்னர் நரேந்திரசிங்கர் மறைந்தபோது, அரச குலம் சாராத மனைவியின் மகனான உனம்புவே பண்டார ஒதுக்கப்பட்டு, பட்டத்தரசியின் சகோதரரான மதுரை நாயக்கர் ஒருவர் அரியணை ஏறினார். வரலாற்றில் அத்தாய்க்குரிய இடம் அவ்வளவே.

முத்துப்பழனி இந்த விதிக்கு விலக்கு. ஏனெனில், தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தார். தமிழ்நாட்டில் மராட்டியர் ஆண்டபோதும், நாயக்கர் காலத்திலிருந்து தஞ்சை அரண்மனையின் இலக்கிய மொழியாகத் தெலுங்கே நிலைத்திருந்தது. ரகுநாத நாயக்கரின் அவையில் இராமபத்ராம்பாவும், விஜயராகவ நாயக்கரின் அவையில் ரங்காஜம்மாவும் நூல் யாத்திருந்தனர். அந்த மரபில் வந்த முத்துப்பழனி இசையும் நடனமும் கற்றவர்; ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் ஆக்கியவர். அவரது பெருநூல் 'ராதிகா சாந்த்வனம்'. ராதையைத் தேற்றுதல் என்பது அதன் பொருள். தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கும் ராதை, பின்னர் பிரிவைத் தாங்காது துடிக்கிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். தன்னிடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க நேரும் பெண்ணின் வேதனையை அரண்மனைக்கு வெளியே இருந்த ஒருவர் இத்தனை நுணுக்கமாக எழுதியிருக்க இயலாது என்றே தோன்றுகிறது.

அதிலுள்ள சிருங்காரம் எமது வாசகர் பலருக்கு உவப்பாக இராது. ஆயினும் அதனினும் வியப்புக்குரியது நூலின் பாயிரமாகும். அதில் அவர் தமது குலத்தைப் பாட்டியார் வழியாகப் பெண்களைக் கொண்டே கூறுகிறார். புலவர்களுக்குத் தாம் பரிசளித்ததையும், தமக்கு நூல்கள் சமர்ப்பிக்கப்பட்டதையும் கூச்சமின்றிப் பதிவு செய்கிறார்.

1887 இல் நூல் அச்சேறியபோது பதிப்பாசிரியர் வெட்டியெறிந்தது அப்பாயிரத்தைத்தான்! சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கமோ, ஒரு பெண் இவ்வாறு எழுதியதே வெட்கக்கேடு என்று கண்டித்தார். விதவைகளின் மறுமணத்துக்காகப் போராடிய பெரியார் அவர் என்பதையும் மறத்தலாகாது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற இசைக் கலைஞர் மூல ஏட்டைத் தேடிப் பெற்று, 1910 இல் நூலை முழுமையாக வெளியிட்டார். அவரும் தேவதாசி மரபில் வந்தவரே. ஆண்கள் இதே சுவையில் எழுதியபோது தோன்றாத வெட்கம் பெண்ணின் நூலில் மட்டும் ஏன் தோன்றுகிறது என்பது அவர் வீரேசலிங்கத்தை நோக்கித் தொடுத்த வினா. 1911 இல் ஆங்கில அரசு நூலை ஆபாசமெனத் தடை செய்தது, பிரதிகள் பறிமுதலாயின.

அத்தடை 1947 இல் நீங்கியது. நூல் மறுபடி அச்சேறிய 1952 ஆம் ஆண்டிலேயே நாகரத்தினம்மாளும் கண்மூடினார்.