பருத்திக்காட்டிலிருந்து வந்த ஃபேனி லூ ஹேமர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் மெஸ், அரியர்ஸ், கடைசி பெஞ்ச் என்று எதையாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடிய சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தையே முழுசாக முடிக்காதவர். பொறியியல் கல்லூரி மலரில் அவருக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபேனி லூ ஹேமர் 1917 அக்டோபர் 6ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். இருபது பிள்ளைகளில் கடைசி. பெற்றோர் வாரத்துக்கு உழுத கறுப்பின விவசாயிகள். நிலம் வெள்ளைக்கார முதலாளியுடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியில் விதைக்கும் உரத்துக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடனைக் கழித்தால் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. நம்ம ஊர்ப் பண்ணையாள் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹேமர் ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். பண்ணைக் கடையில் தின்பண்டம் தருவதாக முதலாளி ஆசை காட்டித்தான் முதலில் காட்டில் இறக்கினார். பதின்மூன்று வயதில் ஒரு நாளைக்கு 200 ராத்தலுக்கு மேல் எடுத்தார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் தாங்கலோடு செய்த வேலை அது.

ஒரு சமயம் அப்பா எப்படியோ காசு மிச்சம் பிடித்துக் கோவேறு கழுதைகளும் மாடும் வாங்கினார். குடும்பம் தலையெடுப்பது பொறுக்காத ஒரு வெள்ளைக்காரர் தீவனத்தில் விஷத்தைக் கலந்துவிட்டார். எல்லாம் செத்துப்போயின. அந்தக் குடும்பம் அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சன்ஃபிளவர் கவுண்டியில் ரூல்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் கணக்கெழுதும் வேலையும் கிடைத்தது. 1961இல் கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது சர்வ சாதாரணமாக நடந்தது.

1962 ஆகஸ்டில், மாணவர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்த இளைஞர்கள் ரூல்வில் சர்ச்சில் ஒரு கூட்டம் போட்டார்கள். கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்ற விஷயமே ஹேமருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 44! கவுண்டியில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் 31ஆம் தேதி பதினேழு பேரோடு பஸ்ஸில் இண்டியனோலாவுக்குப் பெயர் பதியப் போனார். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். தேறவில்லை. திரும்பும் வழியில், பஸ்ஸின் மஞ்சள் நிறம் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்கிறது என்று சொல்லி டிரைவருக்கு அபராதம் போட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் பயந்துபோக, ஹேமர் சர்ச் பாடல்களைப் பாடி அவர்களைத் தேற்றினார்.

அன்று இரவே முதலாளி, மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றார். ஹேமர் வீட்டைக் காலி செய்தார். பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டின் மேல் பதினாறு முறை சுட்டார்கள். 1963 ஜனவரியில் மறுபடி பரீட்சை எழுதித் தேறினார். அதே வருஷம் ஜூனில், பயிற்சி முகாம் ஒன்றிலிருந்து திரும்பும்போது வினோனா என்ற ஊரில் போலீஸ் கைது செய்தது. லாக்கப்பில் இரண்டு கறுப்பினக் கைதிகளை விட்டே அவரை அடிக்கவைத்தார்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் கடைசிவரை சரியாகவில்லை. வழக்கு நடந்தது, போலீஸ்காரர்கள் விடுதலையானார்கள்.

1964இல் நிறவெறி மாநிலக் கட்சிக்குப் போட்டியாக மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைக் கட்டியவர்களில் ஹேமர் ஒருவர். அட்லாண்டிக் சிட்டி தேசிய மாநாட்டில் அவர் வினோனா கதையைச் சொல்லத் தொடங்கியதும், ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக நிருபர் கூட்டம் கூட்டி டிவி காமிராக்களைத் தன் பக்கம் திருப்பினார். பலனில்லை. இரவுச் செய்தியில் நாடே ஹேமரைப் பார்த்தது. சமரசமாக இரண்டு இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். 1968 மாநாட்டில் முறையான பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.

பெரும்பாலான புத்தகங்களில் ஹேமர் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ரூல்விலுக்குக் கொஞ்சம் வடக்கே கிளார்க்ஸ்டேல் அருகில் ஒரு பண்ணையில் 1944இல் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். ஐம்பது பேர் வேலையை ஒரு மிஷின் செய்தது. 1960களில் களைக்கொல்லி மருந்தும் சேர்ந்துகொள்ள, பருத்திக்காட்டில் ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. ஓட்டு கேட்டவர்களைத் துரத்த முதலாளிகளுக்கு இது நல்ல வசதி. 1965இல் ஒரு நாள் முழுக்கக் களைகொத்தினால் 3 டாலர். மணிக்கு 1.25 டாலர் கேட்டு ஸ்டிரைக் செய்தவர்களை வண்டியில் ஏற்றி ரோட்டில் இறக்கிவிட்டார்கள். 1967இல் ஹேமரின் வளர்ப்பு மகள் உடம்புக்கு முடியாமல் போனபோது, உள்ளூர் ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. தூரத்து மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனாள். சத்தில்லாத உடம்பு.

ஓட்டுச் சீட்டு கைக்கு வந்தது. ஆனால் அடுத்த வேளைச் சோறு முதலாளி கையில் இருக்கும்வரை அந்தச் சீட்டும் அவர் கையில்தான். ஹேமர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார். 1968இல், நீக்ரோ பெண்கள் தேசியக் கவுன்சில் உதவியோடு பன்றி வங்கி ஒன்றைத் தொடங்கினார். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி இலவசம். அது குட்டி போட்டதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தரணும். அவை அடுத்த குடும்பங்களுக்குப் போகும். வட்டியில்லை, ஜாமீன் இல்லை; அசல் மட்டும் தானாகப் பெருகும். சில வருஷத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குக் கறி கிடைத்தது.

1969இல் 40 ஏக்கர் வாங்கி சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு ஆரம்பித்தார். பாடகர் ஹாரி பெலஃபோண்டே போன்றவர்கள் நிதி திரட்டினார்கள். 1971இல் இன்னும் 640 ஏக்கர் சேர்ந்தது. கீரை, பட்டாணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி என்று பயிரிட்டார்கள். நிலத்தின் தவணையைக் கட்டுவதற்குப் பருத்தியும் சோயாவும். மாதச் சந்தா ஒரு டாலர். அதைக் கட்ட முடிந்தவர்கள் மிகச் சிலர். கட்ட முடியாதவர்களை அதற்காக விலக்கவில்லை. பண்ணை மூலம் பலருக்குச் சொந்த வீடும் அமைந்தது.

ஆனால் பண்ணை நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மழையும் வறட்சியும் மாறி மாறி அடித்தன. நன்கொடை குறைந்தது. கையிருப்பு என்று எதுவும் இல்லை. நிர்வாகம் தெரிந்த ஆட்களும் குறைவு. ஹேமரின் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1976க்குள் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1977 மார்ச் 14ஆம் தேதி மவுண்ட் பையூ ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 59. ரூல்வில் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் உயரிய சிவிலியன் விருதை அவருக்குக் கொடுத்தது. செத்து 48 வருஷம் கழித்து!

இப்போது, பொறியியல் கல்லூரி மலரில் இவருக்கென்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆலையில் தானியங்கி பேக்கிங் லைன் போட்டுக் கொடுத்தேன். நல்ல மிஷின். இருபது பேர் செய்த வேலைக்கு நான்கு பேர் போதும். எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. டிரையல் ரன் முடிந்த சாயங்காலம், அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா என்னிடம் வந்து, நாளையிலிருந்து தங்களுக்கு எந்த செக்ஷன் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. என் பிராஜக்ட் ரிப்போர்ட்டில் மோட்டார், சென்சார், மின்சாரச் செலவு எல்லாம் இருந்தன. அந்தப் பதினாறு பேர் எங்கே போவார்கள் என்று ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கிளார்க்ஸ்டேலில் அந்த மிஷினை ஓட்டிக் காட்டிய பொறியாளர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். கெட்டவர்கள் இல்லை.

மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் குனிந்து பருத்தி எடுப்பது ஒன்றும் சுகமான வேலை இல்லை; அது ஹேமருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் மிஷின் வந்தபிறகு ஜனங்கள் எதைச் சாப்பிடுவது என்ற கணக்கைப் போட்டவர் படிக்காத ஹேமர்தான்; படித்தவர்கள் போடவில்லை. இப்போது என் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், வேலை இழப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு பக்கம் சேர்க்கிறேன். சில இடங்களில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள். ஓர் இடத்தில் மட்டும் உட்கார்ந்து பேசி, எட்டுப் பேருக்கு வேறு செக்ஷனில் பயிற்சி கொடுத்தார்கள்.

தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். பைனல் இயர் பிராஜக்டில் அந்த ஒரு பக்கத்தையும் எழுதுங்கள். கைடு கேட்காவிட்டாலும் எழுதுங்கள். ஹேமர் பண்ணையில் பணக் கணக்கு உதைத்தது. அங்கே நம்மைப் போல நாலு பேர் இருந்திருந்தால் கொஞ்ச காலம் தாங்கியிருக்குமோ என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

மெஸ் கதை எழுதியிருக்கலாமே என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், அடுத்த மலரில் கட்டாயம் எழுதுகிறேன்.