பசிக்கு ஒரு சொல்
வேப்பேரிப் பாதிரியார் பப்ரிசியஸ்

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வேப்பேரி. 250 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு ஜெர்மன் பாதிரியார் வாழ்ந்தார். பெயர், யோகான் பிலிப் பப்ரிசியஸ்.

1711-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி அவர் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பிறகு வேதம் படித்தார். 1740-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

சென்னையில் நிம்மதி ஏது! 1746-ல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தது. பாதிரியார் பழவேற்காட்டுக்கு ஓடினார். 1758-ல் லாலியின் படை வந்தது. மறுபடியும் பழவேற்காடு!

இத்தனைக்கும் நடுவே ஒரு வேலையை அவர் விடவில்லை. அதுதான் பைபிளைத் தமிழாக்கும் வேலை. சீகன்பால்கு என்ற பாதிரியார் 1714, 1715-ம் ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டிருந்தார். ஆனால் அந்தத் தமிழ் கரடுமுரடாக இருந்தது. பப்ரிசியஸ் கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு புதிதாக எழுதினார். எழுதியதைப் படித்தவர்களுக்கும் பாமரர்களுக்கும் வாசித்துக் காட்டித் திருத்தினார்.

அகராதியில் இல்லாத சொல்

ஏசுநாதர் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜெபத்தில் உணவு கேட்கும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளும் சொல்லும் ஜெபம்தான். ஆனால் மொழிபெயர்ப்பவரைத் திணற வைக்கும் சொல் அங்கேதான் இருக்கிறது.

எப்படிப்பட்ட உணவு? அதைச் சொல்லும் கிரேக்கச் சொல், எபியூசியோஸ். மத்தேயு, லூக்கா ஆகிய இருவரும் எழுதிய அந்த ஜெபத்தைத் தவிர பைபிளில் வேறெங்கும் அது வருவதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் என்ற அறிஞருக்குக் கிரேக்கம் தாய்மொழி போல. அவரே இது மக்கள் பேச்சில் இல்லாத சொல், புதிதாக உண்டாக்கிய சொல் என்று எழுதி வைத்தார்.

இன்றைய உணவு என்பார் சிலர். நாளைய உணவு என்பார் சிலர். உயிர் வாழத் தேவையான உணவு என்பாரும் உண்டு. ஜெரோம் என்ற முனிவர் லத்தீனில் எழுதியபோது மத்தேயுவில் ஒரு பொருளும், லூக்காவில் வேறொரு பொருளும் கொடுத்துவிட்டார்!

பிற்காலத்தில் எகிப்தில் ஒரு பழைய வீட்டுச் செலவுக் கணக்கு கிடைத்தது. அதில் இந்தச் சொல் இருப்பதாக 1889-ல் அறிவித்தார்கள். பிறகு அந்த ஏடு காணாமல் போயிற்று. 1998-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. உற்றுப் பார்த்தால், அது வேறு சொல். எண்ணெய்!

இன்று தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டுகள் வாசிக்கும் பைபிளில் அந்த இடத்தில் 'வேண்டிய' என்று இருக்கிறது. கத்தோலிக்கர்கள் 'அன்றாட' என்று ஜெபிக்கிறார்கள். எது சரி? பசித்தவனுக்கு இரண்டும் சரிதான்.

கஞ்சித் தொட்டி

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். அங்கே கைப்பற்றிய அச்சு எந்திரம் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. 1772-ல் பப்ரிசியசின் புதிய ஏற்பாடு அதில் அச்சாகி வெளிவந்தது.

எட்டே ஆண்டுகளில் ஹைதர் அலியின் படையெடுப்பு! ஊர்கள் எரிந்தன. வயல்கள் பாழாயின. குடியானவர்கள் பிள்ளைகுட்டிகளோடு சென்னைக்கு ஓடி வந்தார்கள். பஞ்சம் தலைவிரித்து ஆடியது. 1782-ல் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியவர்கள் சொன்னது அதனால்தான்.

அன்றாட உணவு என்றால் என்ன என்று அகராதி பார்க்க அந்த நாளில் யாருக்கும் அவசியம் இருந்திருக்காது.

சிறையில் பாதிரியார்

பாதிரியாருக்குச் சொற்கணக்கு தெரியும். பணக்கணக்கு தெரியாது. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடன் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கடனுக்காக முதுமையில் சிறைக்கும் போனார். பணத்தை இழந்தவர்களின் துயரமும் சிறியதல்ல.

1779-ல் அவர் தொகுத்த தமிழ் அகராதி அச்சாயிற்று. பலமுறை திருத்தி அச்சிடப்பட்ட அதை இன்று கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம்.

1788-ல் கெரிக்கே என்ற பாதிரியாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1791-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி சென்னையில் காலமானார். அதற்கு முந்திய நாள்தான் அவருக்கு 80 வயது நிறைந்திருந்தது.